மழை இரவுப் பயம்: பதிகம் ஓதித் தியானிப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் அக்காமாரே, அண்ணன்மாரே. நான் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறேன். 2014 ஒக்டோபர் 29இல் மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதிலிருந்து, இரவில் தகரத்தில் மழை விழுந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளோடு உடனே கிளம்பிவிடுவோம், அதில் யோசனையே இல்லை. எச்சரிக்கை எதுவும் இல்லாத சாதாரண மழைக்கும் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேனே, அதுதான் பிரச்சினை.

அம்மாச்சி சொல்லித் தந்தது அப்பர் சுவாமிகளின் திருவதிகைப் பதிகம். பல்லவ மன்னன் யானையை ஏவியபோது அவர் பாடியது. 'அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை' என்று பாட்டுக்குப் பாட்டு வரும். யானை எதிரே நிற்கும்போதே அப்படிச் சொன்னாரே! யானை போன பிறகு சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது. 'கெடில வீரட்டானத்து இறைவனுக்கு, அதாவது திருவதிகைச் சிவனுக்கு, உரியவர் நாம்' என்ற அந்த உறுதிதான் எனக்கும் வேண்டும்.

ஆனால் வாய் ஓதுகிறது, காது மழையிலேயே இருக்கிறது. பத்துப் பாட்டையும் ஓதுவதா, ஒரே வரியை மூச்சோடு சேர்த்து மனதுக்குள் சொல்வதா? பொருளை நினைத்துக்கொண்டே இருக்க எப்படிப் பழகினீர்கள்? ஒரே காம்பராவில் ஐந்து பேர் தூங்குகிறோம், சத்தமாக ஓத முடியாது. அப்புறம், வேதாகமமோ குர்ஆனோ தியானித்துப் பயம் தணிந்தவர்களும் உங்கள் பழக்கத்தைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.