புகை இல்லாத புகைபோக்கிக்கு என்ன பெயர்? (கலைச்சொல் இழை)

பொருள்: ஒரு சொல் வேண்டும்
ஸ்காபரோவிலிருந்து

வணக்கம். ஒரு சொல் வேண்டும். அவசரம் இல்லை, பனி விழுவதற்கு முன் கிடைத்தால் போதும்.

நான் கனடாவில் ஃபர்னஸ் (எரிவாயுவை எரித்து வீட்டுக் காற்றைச் சூடாக்கும் கருவி) பூட்டுகிறவன். ஒன்றைப் பூட்டி முடித்ததும் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். சொன்னது மறந்துபோகும் என்பதால், தமிழில் ஒரு பக்கம் எழுதி ஃபர்னஸிலேயே ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அம்மம்மா, அப்பப்பாமார்தான். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். ஃபர்னஸிலிருந்து வெளியே போகிற குழாயை என்னவென்று எழுதுவது? எல்லோரும் சொல்வது புகைபோக்கி. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன ஜனவரி வரைக்கும்.

அன்று இரவு முழுக்கப் பனி. விடிகாலையில் ஒருவர் தொலைபேசி எடுத்தார். ஃபர்னஸ் நின்றுவிட்டதாம், வீடு குளிர்கிறதாம். "வெளியில போய்ப் புகைபோக்கி அடைபட்டிருக்கோ எண்டு பாருங்கோ" என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இல்லை அண்ணை, நல்லா இருக்கு. புகையும் வருது." அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோதான் என்று நினைத்து, பனிக்குள் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன்.

அவர் பார்த்தது கூரைக்கு மேலே இருக்கும் செங்கல் புகைபோக்கியை. அதில் வந்தது எரிவாயுவில் எரியும் சுடுதண்ணீர்த் தாங்கியின் ஆவி. ஃபர்னஸின் குழாய் இரண்டும் (காற்றை உள்ளே இழுப்பது ஒன்று, வாயுவை வெளியே விடுவது மற்றது) பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் இருந்தன. முதல் நாள் மாலை கார் நிற்கும் இடத்துப் பனியை வழித்து, அந்தச் சுவர் ஓரமாகத்தான் குவித்து வைத்திருந்தார். குழாய் இரண்டும் அதற்குள்ளே புதைந்துபோயின. ஃபர்னஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது: காற்று இழுபடவில்லை என்று அழுத்த ஆளி (பிரஷர் சுவிட்ச்) கண்டுபிடித்து, எரியவிடாமல் நிறுத்திவிட்டது. பிழை என் வாயில் வந்த சொல்லில்.

பழைய ஃபர்னஸுக்குப் புகைபோக்கி சரியான சொல். அதன் சூடான வாயு தானாகவே மேலே ஏறிப் போய்விடும். இப்போது பூட்டுவது அப்படி இல்லை. 1 கன மீட்டர் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எரிவாயுவின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. முன்பு அது கூரை வழியே போனது. இப்போது இரண்டாவது வெப்பமாற்றி ஒன்று அந்த ஆவியைத் தண்ணீராக ஒடுக்கி, அந்த வெப்பத்தையும் வீட்டுக்குள் எடுத்துக்கொள்கிறது. கனடாவில் 2019 யூலை முதல் புதிதாக வரும் வீட்டு ஃபர்னஸுக்கு 95 விழுக்காடு திறன் இருக்க வேண்டும் என்பது விதி. ஆவி ஒடுங்காமல் அந்த அளவை எட்ட முடியாது. மிஞ்சுகிற வாயு கையைக்கூடச் சுடாது. மேலே ஏறும் வலு அதற்கு இல்லாததால் ஒரு விசிறி தள்ளிவிடுகிறது. அதனால்தான் பிளாஸ்டிக் குழாய், அதனால்தான் பக்கச் சுவர்.

புகையும் இல்லை, மேலே போவதும் இல்லை. இதற்கு என்ன சொல் சொல்லலாம்?

*

பொருள்: மறு: ஒரு சொல் வேண்டும்
திருச்சியிலிருந்து

தம்பிக்கு வாழ்த்து. 31 ஆண்டு அனல் மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். நிலக்கரியில் கந்தகம் உண்டு. போகிற வாயு குளிர்ந்து நீர்த்தால் அமிலமாகி இரும்பைத் தின்றுவிடும். அதனால் சிம்னிக்குப் போகும் வாயுவை 130 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் ஆயுள் முழுக்கக் காவல் காத்தோம். நீங்கள் அதையே வேண்டுமென்று குளிரவைத்துத் தண்ணீராக்குகிறீர்கள்! நீங்கள் சொல்லும் விசிறியை, வாயுவை இழுத்து வெளியே தள்ளுவதால், நாங்கள் ஐ.டி. ஃபேன் (இண்டியூஸ்டு டிராஃப்ட்) என்போம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குக் 'காலதர்' என்ற சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அந்த அதரை எடுத்து 'வளியதர்' என்று வைக்கலாம். கழிவு வாயு போகும் வழி என்பதால் 'கழிவாயுக் குழாய்' என்றாலும் பொருந்தும்.

ஒன்றைக் கேட்க வேண்டும். 'ஒடுக்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இலங்கைப் பக்கத்துப் பாடநூல்களில் அப்படி உண்டு என்பது தெரியும். ஆனால் இங்கே ஒடுக்குதல் என்றால் கொடுமைப்படுத்துவது. 'ஆவியை ஒடுக்கும் ஃபர்னஸ்' என்று படித்தால் பேயோட்டும் கருவி போல இருக்கிறது. 'நீர்க்கவைக்கும்' என்று எழுதிப் பாருங்கள்.

*

பொருள்: மறு: மறு: ஒரு சொல் வேண்டும்
மார்க்கம் நகரிலிருந்து

அண்ணா, நான் மருத்துவமனைகளில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். எனக்கு ஃபர்னஸ் தெரியாது, மூச்சு தெரியும். ஒரு குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, மற்றது வெளியே விடுகிறது என்றால் 'உள்மூச்சுக் குழாய்', 'வெளிமூச்சுக் குழாய்' என்று சொல்லலாமே? வெறும் 'மூச்சுக்குழாய்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது தொண்டைக்குக் கீழே இருப்பது. உள், வெளி என்ற முன்னொட்டு இருந்தால் குழப்பம் வராது. இந்த ஊர்க் குளிரில் நாம் விடுகிற மூச்சும் வெள்ளையாகத்தானே தெரிகிறது.

*

பொருள்: மறு: மறு: மறு: ஒரு சொல் வேண்டும்
ஸ்காபரோவிலிருந்து

ஐயா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. ஒரு கிழமையாக இந்தச் சொற்களை வைத்து ஒரு சோதனை செய்தேன். பழைய வாடிக்கையாளர் நாலைந்து பேருக்குத் தொலைபேசி எடுத்து, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், "உங்கட வீட்டு இன்னது எங்க இருக்கு, ஒருக்கா போய்ப் பாருங்கோ" என்று கேட்பதுதான் சோதனை. பனி கொட்டுகிற இரவில் அந்தச் சொல் ஆளைச் சரியான சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அதைத் தவிர வேறு தகுதி எனக்குத் தேவையில்லை.

> வளியதர்

அழகான சொல், ஐயா. எனக்கு நிரம்பப் பிடித்தது. ஆனால் கேட்டவர் "ஆர், வளியரோ? அப்படி ஒருத்தரும் இங்க இல்லை" என்றார்.

> கழிவாயுக் குழாய்

இதைக் கேட்டவர் நேரே நிலக்கீழறைக் குளியலறைக்குப் போய், மலக்கழிவுக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "இங்க மணம் ஒண்டும் இல்லையே" என்றார். கழிவு என்ற சொல் காதில் விழுந்தால் கால் கழிப்பறைக்குத்தான் போகும் போல.

> வெளிமூச்சுக் குழாய்

மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவருக்குப் பிடிபடவில்லை. மற்ற இருவரும் வெளியே போய், "சுவரில ரெண்டு வெள்ளைக் குழாய் நிக்குது, அதில எது?" என்று கேட்டார்கள். ஆள் சரியான இடத்துக்கு வந்துவிட்டார்! ஃபர்னஸ் ஓடும்போது முன்னால் கையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கை வெதுவெதுப்பாக ஈரமானால் அது வெளிமூச்சு. விரல் நுனி குளிர்ந்து, உள்ளே இழுப்பது போலத் தெரிந்தால் உள்மூச்சு. இரண்டு பேருக்குமே உடனே விளங்கிவிட்டது.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மூச்சு என்றால் சாதுவாகத் தோன்றுகிறது. ஆனால் எரிதல் கெட்டுப்போனால் இந்த மூச்சில் காபனோரொட்சைட்டு வரும். (ஐயா, உங்கள் பக்கத்துக் கார்பன் மோனாக்சைடுதான். பக்கத்தில் இரண்டையும் எழுதப்போகிறேன்.) நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். பிறகு யோசித்தேன், எல்லாச் சுமையையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றக்கூடாது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2014 முதல் எரிவாயுக் கருவி உள்ள வீட்டில் படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான எச்சரிக்கைமணி இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. அந்த வரியைத் தனியாக, பெரிய எழுத்தில் போடுகிறேன்.

புகைபோக்கி என்ற சொல்லைத் தூக்கி எறியவும் முடியாது. அதுதான் இன்னும் முக்கியமான விஷயம். பழைய வீட்டில் ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். ஃபர்னஸைக் கழற்றிப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோனதும் அவ்வளவு பெரிய புகைபோக்கியில் தாங்கி மட்டும் தனியே மிஞ்சும். அதன் சின்னச் சூடு அந்தக் கல்லைச் சூடாக்கப் போதாது. வாயு மேலே ஏறாமல் நிலக்கீழறைக்குள்ளேயே திரும்பி வழியும். ஏறினாலும் பாதி வழியில் நீர்த்துச் செங்கல்லை ஊறவைக்கும். புகைபோக்கிக்குள் அளவான லைனர் (உட்குழாய்) இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாங்கியையும் மாற்ற வேண்டும். விலை குறைத்துப் பூட்டுகிறவர்கள் விட்டுவிட்டுப் போவது இதைத்தான். நான் தாங்கியைச் சில நிமிடம் எரியவிட்டு, அதன் மேல் தொப்பி விளிம்பில் ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடிப்பேன். கண்ணாடி பனித்தால் வாயு வெளியே வழிகிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வீட்டை விட்டு நகரமாட்டேன்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும்: கூரையில் இருப்பது புகைபோக்கி, சுவரில் இருப்பது வெளிமூச்சுக் குழாய். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், போன ஜனவரியில் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

அப்புறம் தண்ணீர். 'நீர்க்கவைக்கும்' நன்றாக இருக்கிறது ஐயா, எடுத்துக்கொள்கிறேன். நீர்த்து வருவதற்கு 'வடிநீர்' என்று எழுதுகிறேன், கஞ்சி வடித்த வீட்டுக்கு விளக்கம் தேவையில்லை. 'வடியும் ஃபர்னஸ்' என்று எழுதினால் மட்டும் ஒழுகுது என்று நினைத்து எனக்கே தொலைபேசி வரும். இந்த நீரும் புளிப்புத்தான், உங்கள் சிம்னி அளவுக்கு இல்லை. பி.எச். 3க்கும் 5க்கும் இடையில். சீமெந்துத் தரையில் நெடுநாள் ஓடினால் அரித்துவிடும், அதனால் சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பிய குப்பி வழியாக வடிகாலுக்கு விடுகிறோம். குழாய்க்குள்ளும் நீர்க்கும் என்பதால், வெளிமூச்சுக் குழாய் அடிக்குக் கால் அங்குலம் ஃபர்னஸ் பக்கம் சரிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சரிந்தால் நுனியில் சொட்டி உறைந்து, பனிக்கட்டி மூக்கை அடைத்துவிடும்.

குழாய் வெளியே வரும் இடத்தையும் எழுதுகிறேன், வீட்டுக்காரர்தான் பிறகு அதைக் கெடுக்கிறவர். பனி குவியக்கூடிய மட்டத்துக்கு மேல் குறைந்தது 1 அடி. எரிவாயு மீட்டரின் அழுத்தச் சீராக்கியிலிருந்து பக்கவாட்டில் 3 அடி. வீட்டுக்குள் காற்றை இழுக்கும் விசிறி வாயிலிலிருந்து 6 அடி. சன்னலிலிருந்து 1 அடி, பெரிய ஃபர்னஸ் என்றால் 3 அடி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதைக்கு நேர் மேலே வரவே கூடாது, சொட்டும் நீர் தரையில் கண்ணாடி போல உறைந்து பக்கத்து வீட்டு ஆச்சி விழுவார். பூட்டும்போது சரியாக இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் போனால் அதற்கு முன்னால் மரத்தளம் கட்டியிருப்பார்கள், அல்லது ரோசாச் செடி வளர்த்திருப்பார்கள்.

குழாய் கழன்றால் சாதாரணத் தண்ணீர்க் குழாய் வாங்கி ஒட்டாதீர்கள் என்றும் ஒரு வரி போடுகிறேன். பார்க்க இரண்டும் ஒரே வெள்ளை. இதற்கு உரியதில் எஸ்636 என்று அச்சிட்டிருக்கும். குழாய், பிரைமர், பசை மூன்றும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். ஒட்டுகிறவரிடம் எரிவாயு உரிமம் இருக்க வேண்டும்.

ஃபர்னஸுக்குத் தமிழ் கேட்டு ஒருவர் தனிமடல் போட்டிருந்தார். உலை என்றால் சோறு, கொதிகலன் என்றால் தண்ணீர். இது சூடாக்குவது காற்றை. ஃபர்னஸ் என்றால் இங்கே அம்மம்மாவுக்கும் தெரியும், அது அப்படியே இருக்கட்டும்.

*

பொருள்: மறு: வெளிமூச்சுக் குழாய்
திருச்சியிலிருந்து

தம்பி, வளியதர் தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் உண்டு. வெளிமூச்சுக் குழாயை ஏற்கிறேன்.

'சரிந்திருக்க வேண்டும்' என்பதை மட்டும் மாற்றுங்கள். குழாய் சரிந்துவிட்டது என்றால் இங்கே விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். தண்ணீர் ஓடுவதற்கு வைக்கும் சாய்வுக்கு எங்கள் கொத்தனார்கள் சொல்வது 'வாட்டம்'. 'ஃபர்னஸ் பக்கம் வாட்டமாக, அடிக்குக் கால் அங்குலம்' என்று எழுதினால் போதும். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் புழங்குகிறதா என்று யாரிடமாவது கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். நீங்கள் மூச்சுக்குழாய்க்கு அடுத்து வல்லெழுத்தை இரண்டு இடத்தில் விட்டுவிடுவீர்கள் என்று தோன்றுகிறது.