புதுப்பிப்பு: ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று எழுதியிருந்தேன்

அம்மாவின் நோயும் என் வேலையிழப்பும் சேர்ந்து வந்தபோது, விசுவாசத்தில் எப்படி நிலைத்திருப்பது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. சிகிச்சை தொடர்கிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஜெபிக்க முடிகிறது.

"புலம்பல் சங்கீதங்களை வாசியுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பெரிய உதவி; வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் தேவனிடம் துயரத்தைக் கொட்டி முறையிடும் பாடல்கள் அவை. 88-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது! தேவனிடம் முறையிடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்களை நான் இனி ஏற்கமாட்டேன். இயேசுவே சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லித்தான் கதறினார்.

தீர்க்கதரிசி எலியாவைப் பற்றி எழுதிய சகோதரிக்கு: 1 இராஜாக்கள் 19-ஐத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டவரை தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் காட்டுகிறான். அவர் சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார். இரண்டாம் முறையும் உணவு. அதன்பின் 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற தேவனுடைய கேள்வியே வருகிறது. அதனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பாட முடியாத ஞாயிறுகளிலும் ஆராதனைக்குப் போகிறேன், மற்றவர்கள் பாடட்டும்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு முக்கியமான பரிசோதனை. உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.