நல்லாகிவிட்டது என்று நானே மாத்திரையை நிறுத்தியபோது

மனச்சோர்வுக்கு எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம், காலையில் ஒன்று. முதல் பத்து நாள் ஒரே குமட்டல், ராத்திரி தூக்கம் கலைந்து கலைந்து வந்தது. மனசு மட்டும் அப்படியே கிடந்தது. “தொந்தரவு முதலில் வரும், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும்” என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாரமே தூக்கி எறிந்திருப்பேன். நாலாவது வாரத்தில் ஒருநாள் யாரும் எழுப்பாமல் எழுந்து வாசலில் கோலம் போட்டேன். அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் மாதம் சித்தி வந்தார். “இதெல்லாம் பழகிடும்டி, அப்புறம் காலத்துக்கும் விட முடியாது” என்றார். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அன்றோடு நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் சுருக்கென்று கரண்ட் அடித்தது. தலைசுற்றல், காரணமே இல்லாத அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று பயந்துபோனேன்.

டாக்டர் திட்டவில்லை. “இதற்காக மனசு ஏங்காது, அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்காது. அதனால் இதைப் போதை என்று சொல்ல முடியாது. ஆனால் உடம்பு பழகிய மருந்தைப் படிப்படியாகத்தான் இறக்கணும்” என்றார். மறுபடி தொடங்கி, முழுசாகத் தேறிய பிறகும் ஆறு மாதம் சாப்பிட்டேன். அப்புறம் 5 மில்லிகிராம், சில வாரம் கழித்து அதில் பாதி. இந்த முறை கரண்ட் அடிக்கவில்லை.

மறுமொழி:
என் தம்பிக்கு வயது 19. மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருந்தான். “செத்துடலாம்னு தோணுதுக்கா” என்றான். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரம் கூடவே இருந்து கவனிக்கும்படி டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டு, அன்று மாலையே போய் மருந்தை மாற்றினோம். இராத்திரியில் இப்படி நேர்ந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம், காசில்லை.

மறுமொழி:
நான் செர்ட்ராலின் சாப்பிடுகிறேன், அதுவும் இதே வகை மாத்திரைதான். முதுகுவலிக்கு வேறொரு டாக்டரிடம் போனபோது வெட்கப்பட்டு அதைச் சொல்லவில்லை. அவர் டிரமடால் என்ற வலி மாத்திரையை எழுதினார். மருந்துக்கடைக்காரர்தான், “வேறு என்ன மாத்திரை போடுறீங்க?” என்று கேட்டுத் தடுத்தார். இரண்டும் சேர்ந்தால் உடம்பில் செரோடோனின் என்ற ரசாயனம் அளவுமீறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாமாம். இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரை கூட செர்ட்ராலினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பை அதிகமாக்கும் என்றார். இப்போது பல் டாக்டரிடம் போனாலும் முதலில் மாத்திரைச் சீட்டைத்தான் நீட்டுகிறேன்.