அம்மம்மாவின் சிங்கர் மெசினுக்கு என்ன விலை சொல்லலாம்?

வாணி, கொக்குவில்:
அம்மம்மாவின் கறுப்புச் சிங்கர் தையல் மெசினை விற்க யோசிக்கிறோம். கால் மெசின். இலக்கம் ‘ஈஜி’ என்று தொடங்குகிறது, சின்னத் தகட்டில் 15கே என்று இருக்கிறது. 1995 இடப்பெயர்வில் மாமா மெசினின் தலையை (தைக்கும் மேற்பகுதியை) மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொடிகாமத்துக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது மேசையும் காலும் இல்லை. இப்போது இருப்பவை பிறகு வாங்கிப் பூட்டியவை. பழைய இரும்பு எடுப்பவர் 8,000 ரூபா தருவதாகச் சொன்னார். இணைய விளம்பரம் ஒன்றில் இதே மாதிரி மெசினுக்கு 3 இலட்சம் போட்டிருக்கிறது. நாங்களும் ஏமாறக்கூடாது, வாங்குபவரும் ஏமாறக்கூடாது. எது நியாயமான விலை?

ரொறன்ரோ அண்ணா:
அவசரப்பட்டு விற்காதீர்கள் தங்கச்சி. எழுபது வருடத்துக்கு மேற்பட்ட சாமான். வெளிநாட்டில் இதற்கு நல்ல விலை போகும்.

சுன்னாகம் மெசின் திருத்துநர்:
தங்கச்சி, ஈஜி என்றால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் 1950ஐ ஒட்டிச் செய்தது. நல்ல மெசின், அதில் சந்தேகமில்லை. ஆனால் வயதை வைத்து விலை போடாதீர்கள். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அந்தத் தொழிற்சாலை இலட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க அனுப்பியது. ரொறன்ரோ அண்ணை சொல்வது போல அனுப்புவதென்றால், தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல் வரும். கப்பல் கூலியே விலையை விழுங்கிவிடும்.

அந்த 3 இலட்சத்தை மறந்துவிடுங்கள். விளம்பரத்தில் யாரும் எதையும் கேட்கலாம், கொடுத்து வாங்கியவர் யார் என்பதுதான் கேள்வி. 2009இல் சவூதியில் பழைய சிங்கருக்குள் ‘சிவப்பு பாதரசம்’ என்ற விலைமதிப்பான பொருள் இருக்கிறது என்று ஒரு கதை பரவி, ஒரு மெசினுக்கு 2 இலட்சம் ரியால் வரைக்கும் பேசினார்கள். ஊசிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைப் பிடிக்கும்போது தொடர்பு அறுந்தால் அது உள்ளே இருக்கிறது என்றுகூட நம்பினார்கள். அத்தனையும் பொய். யாராவது தொலைபேசியோடு வந்து ஊசியைச் சோதித்தால் அவரோடு விலை பேச வேண்டாம்.

8,000 இரும்பு விலை. தைக்கிற மெசினை இரும்பு விலைக்குக் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் கணக்குப் போடும் விதம் இதுதான். கடையில் புதிய சீனக் கறுப்புத் தலை, காலும் மேசையும் சேர்த்து இன்று என்ன விலை என்று கேளுங்கள். உங்களுடையது வடிவாகத் தைத்தால் அதில் அரைவாசிக்கு மேல், முக்கால்வாசிக்குள் சொல்லலாம். திருத்த வேலை இருந்தால் அந்தச் செலவைக் கழியுங்கள். தலை ஒரு காலம், கால் வேறு காலம் என்பது சேகரித்து வைப்பவருக்குத்தான் குறை. தையற்காரருக்கு வார் வழுக்காமல் சக்கரம் சுற்றினால் போதும். ஆனால் மேசையில் கறையான் இருக்கிறதா என்று அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

15கேயில் இன்னொரு நன்மை, இந்த வகையை யப்பானிலும் சீனாவிலும் அப்படியே பார்த்துச் செய்தார்கள். அதனால் பொபினும் (அடி நூல் சுற்றும் உருளை) அதைப் போடும் பொபின் கேஸும் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கும். படகு மாதிரி ஷட்டிலும் நீளப் பொபினும் உள்ள சிங்கரின் 28கே வகை என்றால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

நூலை எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம், எங்கள் வீடுகளில் தேங்காயெண்ணெய் விட்டு அது பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் துடைத்து, பிறகு மெசின் எண்ணெய் விட்டால் இளகும். தங்கப் பூ வேலைப்பாட்டில் மட்டும் மண்ணெண்ணெய் படாமல் பாருங்கள். அது போனால் திரும்ப வராது, பார்க்க வருபவர் முதலில் கண் வைப்பதும் அதில்தான்.

இணுவில் தையலகம்:
அண்ணை சொன்ன கணக்குச் சரி. நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். 2022இல் மின்சாரம் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நின்ற காலத்தில் என் மோட்டர் மெசின் சும்மா கிடந்தது, கால் மெசினில்தான் தைத்துக் கொடுத்தேன். வாணி, தைத்த துணித் துண்டு ஒன்றின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். பூவேலையை விட எனக்கு அதுதான் முக்கியம்.

வாணி:
மண்ணெண்ணெய் விட்டதும் சக்கரம் நன்றாக ஓடுகிறது. மேசையில் கறையான் இல்லை. ஆனால் தைத்தால் துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாக வருகிறது. இதற்கு எவ்வளவு கழிக்க வேண்டும்?

சுன்னாகம் மெசின் திருத்துநர்:
பொறுங்கள், இப்போதே கழிக்காதீர்கள். அடியில் வளையம் வந்தால் பெரும்பாலும் மேல் நூலில்தான் கோளாறு. துணியை அமுக்கும் பாதத்தை மேலே தூக்கிவிட்டு நூலை முதலிலிருந்து கோத்துக்கொள்ளுங்கள். பாதம் கீழே இருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே இறங்காது. அதற்குப் பிறகும் வந்தால் தட்டுகளுக்குள் பழைய நூல் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது காசு செலவில்லாத வேலை. தையல் சரியாக வந்தால் இணுவில் தங்கச்சிக்குப் படத்தை அனுப்பி, முக்கால்வாசியிலிருந்து பேசத் தொடங்குங்கள்.