புதுப்பிப்பு: பாரிசவாதத்துக்குப் பின் இறுகிய விரல்கள், அக்குபங்சர்

அப்பாவின் வலது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன, அக்குபங்சர் உதவுமா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

இப்போது விரல்கள் பாதி விரிகின்றன. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கிறார். சட்டைப் பொத்தான் இன்னும் முடியவில்லை. பலன் தந்தது, 'ஊசி எடுத்த கையோடு பயிற்சி' என்ற யோசனை. ஊசியால் வரும் தளர்வு கொஞ்ச நேரம்தான். அதற்குள் மணிக்கட்டை நிமிர்த்தி, கோப்பையை எடுத்து வைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிசியோதெரபியை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்புவது வீண் என்பேன்.

எதிர்பாராதது: ஊசியில் மின்சாரம் கொடுத்ததும் விரல்கள் மேலும் இறுகின. உள்ளங்கைப் பக்கம், மடக்கும் தசைக்குப் போனதே காரணம். முன்கையின் வெளிப்புறத்துக்கு, விரிக்கும் தசைக்கு மாற்றி, 2 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு இரண்டு துடிப்பு) 20 நிமிடம் விட்டதும் சரியானது. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உள்ளவர்களுக்கு இந்த மின்சாரம் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையின் கடைசி அளவை ஊசி போடுபவரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

நுவரெலியாக் குளிரில் இறுக்கம் கூடும். பயிற்சிக்கு முன் வெந்நீரில் கையை வைக்கலாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, நல்ல கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.