வேகாத் தீவா, ஓட்டை மலையா?

கல்லடிக்காரன்:
மகள் நோர்வேயில், பிரென்னேய்சுண்ட் என்ற கரையோர ஊரில் வேலை செய்கிறாள். ஜூலைக் கடைசியில் மனிசியும் நானும் 10 நாள் போகிறோம். மருமகன் இப்பவே பட்டியல் அனுப்பிவிட்டார்: டொர்க்ஹாட்டன் மலை, வேகாத் தீவுகள், ஏழு சகோதரிகள் மலை. எனக்கு வயது 66, இடது முழங்கால் சொல்வழி கேட்காது. மலை உச்சியில் நின்று படம் எடுக்கிற ஆசையும் இல்லை. அங்கத்தைய கடற்கரைச் சனம் எப்படிச் சீவித்தது என்று பார்க்கத்தான் விருப்பம். எதை விடலாம்?

நீலாவணைத்தம்பி:
ஐயா, அந்தப் பக்கம் மீன் பக்டரியில் ஆறு வருசம் நின்றவன் சொல்கிறேன், வேகாவை விடாதீங்க. 2004இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை ஆக்கியதில் பாதிப் பெருமை ஒரு வாத்துக்கு. ஈடர் என்ற கடல்வாத்து. பெட்டை தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடும். தீவுச் சனம் அதற்கென்று கல்லாலும் பலகையாலும் குட்டி வீடு கட்டி, உள்ளே காய்ந்த கடற்பாசி பரப்பி வைக்கும். அடைகாத்து முடியும் மட்டும் யாரும் சத்தம் போடுவதில்லை. குஞ்சுகள் தாயோடு கடலுக்குப் போன பிறகுதான் தூவி எடுப்பார்கள். ஒரு போர்வைக்குச் சுமார் 60 கூட்டுத் தூவி வேண்டும். ஆம்பிளைகள் மீனுக்குப் போய்விட, இந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்தது பெண்கள்.
நீங்கள் போகும்போது கூட்டில் வாத்து இராது. நேஸ் என்ற இடத்தில் இதற்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது, அங்கே போங்க. நான் ஒரு பிடி தூவியைக் கையில் வைத்துப் பார்த்தேன். பாரமே தெரியவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

வாகரை அக்கா:
டொர்க்ஹாட்டனையும் பாருங்க அண்ணன். உச்சி எதற்கு, மலை நடுவில் இருக்கிற ஓட்டை வரைக்கும் போனால் போதும். 160 மீட்டர் நீளம், மலைக்குள்ளால் மறுபக்கக் கடல் தெரியும். பனியுகத்தில் கடல் அந்த உயரத்துக்கு நின்றபோது அலையும் பனிக்கட்டியும் குடைந்ததாம். ஊர்க்கதை வேற: பெண்ணொருத்தியைத் துரத்தினவன் அம்பு விட்டானாம், அதை மறிக்க அரசன் தொப்பியை எறிந்தானாம், அம்பு தொப்பியைத் துளைத்ததாம், சூரியன் வர எல்லாம் கல்லாய்ப் போச்சாம். நம்மட மட்டக்களப்புக் குடும்பிமலையையும் சிங்களத்தில் தொப்பிகல, தொப்பிக்கல், என்கிறார்களே, அங்கே நின்று அதை நினைத்துச் சிரித்தேன். பாதை கல்லும் வேரும்தான், மழை என்றால் வழுக்கும். பொல்லு கட்டாயம்.

நீலாவணைத்தம்பி:
ஒன்று மறந்துபோனேன். வேகாவிலும் மலையேறப் படிக்கட்டு இருக்கிறது, 2000 படி அளவில். மருமகன் கூப்பிட்டால் வாத்து வீடு பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுங்க.

கல்லடிக்காரன்:
மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். "60 கூட்டைக் கலைச்சு ஒரு போர்வையா?" என்று முகத்தைச் சுளித்தாள். குஞ்சு போன பிறகு என்றேன். "அப்ப சரி" என்றாள். வேகாவுக்கு இரண்டு நாள் ஒதுக்கச் சொல்லிவிட்டேன். ஏழு சகோதரிகளைக் கீழே நின்று பார்த்தால் போதும். பொல்லுக்கு மகளிடம் சொல்லியாச்சு, மருமகனிடம் இன்னும் இல்லை.