குழல்வாய்வழி வெடிமருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியில் அணில் வேட்டை: மருந்து எவ்வளவு, ரவை எவ்வளவு?

ஓஹையோ_புதுசு:

வணக்கம். கொலம்பஸில் இருக்கிறேன், எச்-1பி விசா. எதிர்வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகும்போது தன் பழைய இரட்டைக்குழல் ஷாட்கன்னை என்னிடம் கொடுத்துவிட்டார். தோட்டா போடுகிற வகை இல்லை. குழல்வாய்வழியாக வெடிமருந்தும் ரவையும் (சிறு ஈயக் குண்டுகள்) கெட்டித்து, குழலின் அடியில் இருக்கும் நிப்பிள் என்ற சிறு முனையில் கேப் (தட்டினால் பொறி விடும் சின்ன மூடி) வைத்துச் சுடுவது. குழலில் சுருள்சுருளாக வரி ஓடுகிறது. 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) என்றார். அவர் தாத்தா காலத்துச் சாமானாம்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து லைசென்ஸும் வாங்கிவிட்டேன். செப்டம்பர் 1 அன்று அணில் சீசன் தொடங்குகிறது. அதற்குள் இதைப் பழகிவிட ஆசை. எவ்வளவு மருந்து, எந்த ரவை? விசாவில் இருப்பவன் இதை வைத்திருக்கலாமா? யூட்யூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் 100 கிரெய்ன் (மருந்தை அளக்கும் அலகு) போடச் சொல்கிறார்.

கரிமருந்து:

தம்பி, மருந்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தத் துப்பாக்கி இப்போது காலியா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். இந்த வகைப் பழைய துப்பாக்கிகளில் பாதிக்கதை இதுதான்: யாரோ எப்போதோ கெட்டித்து, சுடாமலே சுவரில் மாட்டியிருப்பார்கள். நிப்பிளில் கேப் இருக்கக்கூடாது. கெட்டிக்கும் கோலை ஒவ்வொரு குழலிலும் மெதுவாக அடிவரை இறக்கி, குழல்வாய் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக வரும்படி குழலை ஒட்டி வைத்துப் பாருங்கள். கோலின் நுனி நிப்பிள் இருக்கும் இடம்வரை வரவேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. நீங்களே நோண்டாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

காலியாக இருந்தாலும் அவரிடம் போகத்தான் வேண்டும். சுருள் வரி என்றால் அது டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டியது. நல்லதும் உண்டு. ஒட்டின இடத்துக்குள் துரு ஓடி, வெளியே பளபளவென்று நிற்பதும் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் வேண்டாம் என்றால் சுவரில் மாட்டிவிட்டு, இத்தாலிக்காரர் பெடர்சோலி செய்கிற புதிய இரட்டைக்குழல் ஒன்றை வாங்குங்கள். நான் வைத்திருப்பது அதுதான்.

இப்போது மருந்து. கருமருந்து மட்டும்தான், இல்லையென்றால் பைரோடெக்ஸ் மாதிரி அதற்கென்றே விற்கிற மாற்று. இன்றைய தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கூடப் போடக்கூடாது. குழல் வெடித்து இடது கை போய்விடும். 12 போருக்கு இரண்டு எஃப் ரகம் (மருந்துத் துகளின் பருமனைச் சொல்வது), 70 கிரெய்ன். மருந்தை அளந்த அதே அளவுக் குப்பியை ரவையால் நிரப்பினால் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வரும். 6ஆம் எண் ரவை. அவ்வளவுதான், அணிலுக்கு இது தாராளம்.

அந்த 100 கிரெய்ன்காரரை மறந்துவிடுங்கள். இந்தக் குழல்களில் வாய் ஒடுக்கம் (ரவை பரவாமலிருக்கக் குழல்வாயைச் சற்றுக் குறுக்குவது) கிடையாது. மருந்தை ஏற்ற ஏற்ற ரவை பரந்துபோய் நடுவில் ஓட்டை விழும். அணில் அந்த ஓட்டைக்குள் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். தூரம் போதவில்லை என்று தோன்றினால் மருந்தைக் குறைத்து ரவையைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பெரிய காகிதம் ஒட்டி, 20 கஜத்திலும் 25 கஜத்திலும் சுட்டு, ரவை விழுந்த இடத்தை எண்ணுங்கள். இந்தக் காகிதத்தைத் தவிர யார் சொல்வதையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. என்னுடையது 25 கஜம் தாண்டினால் அணிலுக்கு உதவாது, அதனால் அதற்கு மேல் நான் சுடுவதில்லை.

கெட்டிக்கும் வரிசை: காட்டுக்குள் போனதும் வெறும் கேப் ஒன்றை ஒவ்வொரு நிப்பிளிலும் வைத்து, குழல்வாயைக் காய்ந்த சருகுக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டுங்கள். சருகு அசைந்தால் எண்ணெய் அடைப்பு இல்லை, வழி சுத்தம். பிறகு மருந்து, அதன்மேல் கெட்டி அட்டைத் தக்கை, அதன்மேல் நார்த் தக்கை, ரவை, கடைசியில் மெல்லிய அட்டை. கேப் வைப்பது எல்லாவற்றுக்கும் பிறகு. மருந்து வைத்திருக்கும் கொம்புக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் கொம்பு முழுக்க உங்கள் கையில் வெடிக்கும். அளவுக் குப்பி அதற்குத்தான்.

இரட்டைக்குழலுக்கென்று தனி வம்பு ஒன்று உண்டு. வலது குழலைச் சுட்டாயிற்று, இடது குழலில் இன்னும் மருந்து இருக்கிறது. மறுபடி கெட்டிக்குமுன் இடது பக்கக் கேப்பைக் கழற்றுங்கள். முகத்தை வாய்க்கு நேராக வைக்காமல், கோலை விரல்நுனியால் மட்டும் பிடியுங்கள். சுட்ட அதிர்ச்சியில் இடது குழலின் ரவை முன்னால் நகர்ந்திருக்கலாம். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழல் தாங்காது, அதனால் அதையும் கோலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். பரபரப்பில் ஒரே குழலில் இரண்டு தடவை கெட்டித்துவிடுவதும் நடக்கும். கோலில் 'காலி', 'நிறைந்தது' என்று இரண்டு கோடு வெட்டி வைத்தால் கண்ணே சொல்லிவிடும்.

விசா விஷயம்: எச்-1பி மாதிரி குடியேற்றமில்லா விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது, ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. தவிர, தோட்டா போட முடியாத இந்தக் கருமருந்துத் துப்பாக்கியை அந்தச் சட்டம் பழம்பொருள் என்று தனியே வைத்திருக்கிறது. மாநிலச் சட்டம் அப்படியே ஒத்துப்போகாது. லைசென்ஸைப் பையில் வையுங்கள், குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊருக்குப் போகும்போது மருந்து, கேப் எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது.

சரி, அணில். செப்டம்பரில் மரமெல்லாம் இலை, ஒன்றும் தெரியாது. காதுதான் வேலை செய்யும். விடியுமுன் ஹிக்கரி மரத்துக்குக் கீழே போய், முதுகைச் சாய்த்து அசையாமல் உட்காருங்கள். கொட்டையைப் பல்லால் சீவும் துகள் இலைமேல் பொலபொலவென்று விழும் சத்தம் கேட்கும். மழை விட்ட காலை என்றால் இன்னும் நல்லது, காலடியும் கேட்காது. உங்களைப் பார்த்துவிட்டால் அது தண்டுக்குப் பின்னால் சுற்றி ஒளிந்துகொள்ளும். ஒரு கட்டையை அந்தப் பக்கம் எறிந்தால் பலசமயம் உங்கள் பக்கம் திரும்பி வரும். சுட்டதும் புகை. காற்றில்லாத காலையில் அது அப்படியே தொங்கும், எதிரே ஒன்றும் தெரியாது. குனிந்து புகைக்குக் கீழே பாருங்கள். விழுந்ததை எடுக்க ஓடாதீர்கள். இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கெட்டித்துவிட்டுக் காத்திருந்தால் மற்றவை மறுபடி கொறிக்கத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஆறுதான் வரம்பு.

மூன்றுகோடு:

ராமர் தடவிக் கொடுத்த பிராணியை இப்படிச் சுட்டுத்தான் சாப்பிடவேண்டுமா? கடையில் கோழி கிடைக்கவில்லையா?

கரிமருந்து:

இங்கே இருப்பது சாம்பல் அணிலும் நரி அணிலும். முதுகில் ஒரு கோடும் கிடையாது. நரி அணில் சில சமயம் ஒரு கிலோவைத் தொடும். நம் வீட்டுத் திண்ணை அணிலை நானும் தொடமாட்டேன். ஓஹையோக்காரர்களுக்கு இது பரம்பரைத் தொழில் மாதிரி. 1862 செப்டம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, தென்மாநிலப் படை சின்சினாட்டியை நெருங்கியபோது, ஆளுநர் டேவிட் டாட் கூப்பிட்ட குரலுக்கு 15,000 பேருக்கு மேல் வீட்டுத் துப்பாக்கியோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு அன்றைக்கு விழுந்த பெயர் 'அணில் வேட்டைக்காரர்கள்'.

குக்கர்_விசில்:

எங்கள் வீட்டுக்காரர் கொண்டுவருவார், சமைப்பது நான். உரிக்குமுன் முடியைத் தண்ணீரில் நன்றாக நனைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முடியும் கறியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கையுறை போட்டுத்தான் உரிக்கவேண்டும், துலரீமியா என்ற காய்ச்சல் பரவும். கோடைக்கடைசியில் தோலுக்கடியில் புடைப்பாக ஈப்புழு இருக்கும். பார்க்க அருவருப்பு, ஆனால் அது தோலோடு போய்விடும், கறிக்குக் கெடுதல் இல்லை. இளசு என்றால் மிளகு, சோம்பு அரைத்துப் போட்டு நேராக வறுவல். கிழடு என்றால் இஞ்சி பூண்டோடு குக்கரில் வேகவைத்த பிறகுதான் சட்டிக்கு வரவேண்டும். ஷாட்கன் கறி, அதனால் மெல்லும்போது பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரவை புகுந்த இடத்தில் முடியும் உள்ளே போயிருக்கும், அங்கே கத்தியால் கீறி எடுங்கள்.

ஓஹையோ_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. கோலை இறக்கிப் பார்த்தேன், இரண்டு குழலும் காலி. சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போகிறேன். கடைசியாக ஒன்று: 12 போர் தோட்டாவில் வரும் பிளாஸ்டிக் தக்கையைப் போடலாமா? அது சுலபமாகக் கிடைக்கிறது. சுட்டபின் கழுவ என்ன வாங்கவேண்டும்?

கரிமருந்து:

பிளாஸ்டிக் வேண்டாம். கருமருந்துச் சூட்டில் உருகிக் குழலில் பூசிக்கொள்ளும். பழைய துப்பாக்கி என்பதால் 12 என்று சொன்னாலும் 11ஆகவோ 13ஆகவோ இருக்கும். மெக்கானிக்கிடம் குழலின் உள்விட்டத்தை அளந்து வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற அட்டைத் தக்கை வாங்குங்கள். லூசாக இருந்தால் ரவை குழலிலேயே உருண்டு வரும். செப்டம்பரில் இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கம் போட்டி நடத்தும். அங்கே கடை போட்டு எல்லா அளவிலும் விற்பார்கள். கழுவ ஒன்றும் வாங்கவேண்டாம். வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பனியன் துணி, காய்ந்ததும் எண்ணெய். அன்று ராத்திரியே செய்துவிடுங்கள். அந்தக் கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், காலையில் பார்த்தால் குழல் சிவந்திருக்கும்.